சின்னக் கப்பலில் ஐந்து நாள்

புனேயில் எல்லாம் உண்டு, கடல் மட்டும் கிடையாது. ஞாயிற்றுக்கிழமை மாலை கடக்வாஸ்லா அணைக் கரையில் சுட்ட மக்காச்சோளத்தைத் தின்றுவிட்டு, "இதுதான் நம்ம மெரீனா" என்று மனத்தைத் தேற்றிக்கொள்பவர்கள் நாம். அதனால்தானோ என்னவோ, சங்கத்தில் நாலு பேர் கூடினால் கப்பல் பயணப் பேச்சு வந்துவிடுகிறது. மும்பையிலிருந்து புறப்படும் சொகுசுக் கப்பலில் போய்வந்தவர்கள் நீச்சல் குளம், நாட்டிய அரங்கம், நடு இரவுச் சாப்பாடு என்று வர்ணிக்கிறார்கள். "நீங்கள் எதில் போனீர்கள்?" என்று என்னைக் கேட்டால், "லட்சத்தீவுக்கு, சின்னக் கப்பலில்" என்பேன். அடுத்த கேள்வி தவறாமல் வரும்: "அது எப்படி இருக்கும்? வயசானவர்களைக் கூட்டிக்கொண்டு போகலாமா?"

ஒரு வரியில் சொல்லக்கூடிய பதில் அல்ல அது. ஆகவே இந்தக் கட்டுரை.

நாங்கள் போனது 2019-ஆம் ஆண்டு, பொங்கல் முடிந்த கையோடு. நான், என் மனைவி, பள்ளியில் படிக்கும் மகள், என் அம்மா என நாலு பேர். அம்மாவுக்கு அப்போது அறுபத்தொன்பது வயது. முழங்கால் வலி உண்டு. பிறந்து வளர்ந்தது நாகப்பட்டினம். வீட்டிலிருந்து கடல் சத்தம் கேட்கும் தெருவில் இருந்தவர், கடல்மேல் ஒருநாளும் போனதில்லை. கல்யாணமாகிக் கடக்கிக்கு வந்தபின் கடலைப் பார்ப்பதே லீவுக்கு ஊருக்குப் போனால்தான். "ஒரு தடவை கப்பலில் போகணும்டா" என்று எப்போதாவது சொல்வார். ஏன் என்று நான் கேட்டதில்லை.

எது சின்னக் கப்பல்?

முதலில் அளவைப் புரிந்துகொள்வோம். 2024-இல் ஓடத் தொடங்கிய 'ஐகான் ஆஃப் தி சீஸ்' என்னும் அமெரிக்க உல்லாசக் கப்பலில் ஏழாயிரம் பயணிகளுக்கு மேல் ஏறலாம். அது மிதக்கும் ஊர். 2021 முதல் மும்பையிலிருந்து பயணிகளை ஏற்றிய கார்டீலியா நிறுவனத்தின் 'எம்ப்ரெஸ்', 1990-இல் கட்டப்பட்டது. சுமார் 1,800 பேர் கொள்ளும். உலகக் கணக்கில் அதுவே நடுத்தரம்தான்.

லட்சத்தீவுக் கப்பல்கள் அதற்கும் கீழே. இருப்பதில் பெரியதான 'கவரத்தி' 700 பேர் ஏறக்கூடியது. 'கோரல்ஸ்', 'லகூன்ஸ்' இரண்டும் 400 பேருக்கு. 'அரேபியன் சீ', 'லட்சத்தீவு சீ' இரண்டும் 250 பேருக்கு. இவை உல்லாசத்துக்காகப் பிறந்தவை அல்ல, தீவுக்காரர்களின் ரூட் பஸ். கொச்சிக்கு ஆஸ்பத்திரி போய்த் திரும்பும் கிழவர், காலேஜ் லீவுக்கு வரும் பையன், புது மிக்ஸி வாங்கிக்கொண்டு போகும் குடும்பம் என்று எல்லோரும் இதில்தான். சுற்றுலாப் பயணிகளான நாம் அவர்களோடு ஒண்டிக்கொள்கிறோம். லட்சத்தீவு நிர்வாகத்தின் 'ஸ்போர்ட்ஸ்' என்ற சுற்றுலா அமைப்பு 'சமுத்திரம்' என்ற பெயரில் நடத்திவந்த ஐந்து நாள் பயணம் இந்த வகைதான். இரவில் கப்பல் ஓடும், பகலில் ஒரு தீவு, மறுபடி இரவில் கப்பல்.

நம் மகாராஷ்டிரத்துக்கும் இந்தப் பழக்கம் புதிதல்ல. மும்பைக்கும் பணஜிக்கும் இடையே ஓடிய ஸ்டீமரில் போனதைப் பழைய புனேக்காரர்கள் இன்றும் சொல்வார்கள். 2018 அக்டோபரில் அதே வழியில் 'ஆங்ரியா' என்ற கப்பல் புறப்பட்டது. மராட்டியக் கடற்படைத் தளபதி கான்ஹோஜி ஆங்ரேயின் பெயர். சில பருவங்களிலேயே அது நின்றுபோனது வருத்தம்தான்.

ஏறுவதற்கு முன்

சின்னக் கப்பலில் போகிறவர் செய்யவேண்டிய வேலை கரையிலேயே தொடங்கிவிடுகிறது.

முதலாவது, அனுமதி. லட்சத்தீவு இந்தியாதான் என்றாலும் 1967-ஆம் ஆண்டு விதிகளின்படி வெளியார் நுழைய அனுமதிச் சீட்டு வேண்டும். அடையாள அட்டை, போட்டோ எல்லாம் சரியாக இருக்கவேண்டும். கடைசி வாரத்தில் ஓடினால் நடக்காது. இரண்டு மாதம் முன்பே தொடங்குங்கள். எந்தக் கப்பல் ஓடுகிறது, எந்தத் தீவுகளுக்குப் போகிறது என்பதும் பருவத்துக்குப் பருவம் மாறும். விசாரித்துக்கொண்டு பணம் கட்டுங்கள்.

இரண்டாவது, காலம். அக்டோபர் முதல் மே பாதிவரை நல்ல பருவம். அதிலும் டிசம்பரிலிருந்து மார்ச் வரை கடல் சாதுவாக இருக்கும். ஜூன் பிறந்துவிட்டால் ஆசையை மூட்டை கட்டி வைத்துவிடவேண்டும். 1947 ஜூலை 17 அன்று மும்பை பாவுச்சா தக்காவிலிருந்து ரேவஸுக்குப் புறப்பட்ட 'ராம்தாஸ்' ஸ்டீமர் மழைக்காலக் கடலில் கவிழ்ந்து அறுநூறு பேருக்கு மேல் மாண்டார்கள். பெரிய கப்பலைவிடச் சின்னக் கப்பலுக்குப் பருவம் பார்ப்பது அதிக அவசியம்.

மூன்றாவது, கேபின். இங்கேதான் நான் தவறு செய்தேன். இரண்டு படுக்கை கேபினுக்குப் பணம் அதிகமென்று நாலு பேருக்கும் சேர்த்து நாலு படுக்கை கேபின் ஒன்றை எடுத்தேன். குடும்பம் ஒன்றாக இருக்கும், செலவும் குறையும் என்று கணக்கு. ஆனால் அம்மாவின் முழங்காலைப் பற்றி யாரிடமும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. கீழ்ப் படுக்கையை அவருக்குக் கொடுத்துவிட்டால் போதும் என்று நினைத்தேன். கப்பலில் ஒரு தளத்திலிருந்து இன்னொரு தளத்துக்குப் போகும் படிகள் செங்குத்தானவை. கதவுகளின் அடியில் தண்ணீர் புகாமலிருக்க அரை முழ உயரத்தில் இரும்பு வாசற்படி இருக்கும். குளியலறைக்கும் அப்படித்தான். முதல் ஒரு மணி நேரத்திலேயே அம்மா இரண்டு தடவை கால் இடறினார்.

ஆகவே பதிவு செய்யும்போதே கேளுங்கள்: கேபின் எந்தத் தளம், சாப்பாட்டு அறைக்கு எத்தனை படி, கழிவறை உள்ளேயா வெளியேயா, தீவில் கப்பல் கரையோடு ஒட்டுமா அல்லது படகில் இறங்கவேண்டுமா. கடைசிக் கேள்வி மிக முக்கியம்.

முதல் இரவு

புனேயிலிருந்து கொங்கண் பாதையில் ரயிலேறி எர்ணாகுளம் போனோம். ஒரு நாளுக்கு மேல் ஆகும். அங்கிருந்து வில்லிங்டன் தீவிலுள்ள துறை. கப்பல் நகர்ந்ததும் இடப்பக்கம் ஃபோர்ட் கொச்சியின் சீன வலைகள், வலப்பக்கம் வைப்பின் தீவு. துறைமுக வாய் தாண்டியதும் வழிகாட்டி வந்த பைலட் கயிற்றேணியில் இறங்கித் தம் படகில் தாவித் திரும்பிப் போனார். மகள் கை தட்டினாள். அம்மா மட்டும் அந்தப் படகையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கிளம்பிய சிறிது நேரத்தில் லைஃப் ஜாக்கெட் எங்கே இருக்கிறது, எங்கே கூடவேண்டும் என்று சொல்லிக் கொடுப்பார்கள். ஏழு குறுகிய ஒலியும் ஒரு நீண்ட ஒலியும் கேட்டால் அபாய அறிவிப்பு. இதைச் சடங்கென்று ஒதுக்கிவிட்டுக் கேபினில் படுத்துவிடாதீர்கள். 2021 டிசம்பரில் 'கவரத்தி' கப்பலின் எஞ்சின் அறையில் தீப்பிடித்தது. அறுநூறு பேருக்கு மேல் இருந்தும் எவருக்கும் உயிர்ச்சேதம் இல்லை. இப்படி ஒரு நாளுக்காகத்தான் அந்தப் பத்து நிமிடம்.

இரவு ஏழு மணிக்கு மேல் ஆட்டம் தொடங்கியது. பெரிய கப்பலிலும் ஆட்டம் உண்டு. ஆனால் அதன் எடையும், பக்கங்களில் நீட்டிக்கொள்ளும் துடுப்பு போன்ற தகடுகளும் அதை அடக்கிவிடும். சின்னக் கப்பல் அலையோடு அலையாகப் போகும். ராட்டினத்தில் அல்ல, தொட்டிலில் கிடப்பது போல இருக்கும். சிலருக்கு அது தாலாட்டு, சிலருக்குக் குமட்டல். எனக்குக் குமட்டல்.

அனுபவத்தில் கற்றவை இவை. கப்பலின் நடுப்பகுதியில், கீழ்த்தளத்தில் ஆட்டம் குறைவு, முன்கோடியில் அதிகம். தலை சுற்றினால் கேபினுக்குள் ஓடாமல் டெக்குக்கு வந்து தூரத்துத் தொடுவானத்தைப் பாருங்கள். வெறும் வயிறும் கூடாது, நிறைந்த வயிறும் கூடாது. அவோமின் போன்ற மாத்திரையைக் குமட்டல் வந்தபின் விழுங்கிப் பயனில்லை, முன்கூட்டியே போடவேண்டும், தூக்கம் வரும். கண் அழுத்தம், சிறுநீர்த் தடை உள்ள பெரியவர்கள் டாக்டரைக் கேட்காமல் போடக்கூடாது. அம்மா மாத்திரை போடவில்லை. புடவைத் தலைப்பில் முடிந்திருந்த சுக்கை வாயில் அடக்கிக்கொண்டு, எலுமிச்சை ஊறுகாயை ஒரு விரல் தொட்டுக்கொண்டு, நிம்மதியாகத் தூங்கினார். ராத்திரி முழுதும் எழுந்து எழுந்து ஓடியவன் நான்தான்.

சாப்பாடு எளிமையானது. சோறு, சாம்பார், பரோட்டா, மீன் குழம்பு. சைவம் கிடைக்கும், முன்பே சொல்லிவைத்தால் நல்லது. ஆட்டக் கச்சேரி எதுவும் கிடையாது. ஆனால் டெக்கில் வந்து நின்றால், கரை வெளிச்சம் இல்லாத வானத்தில் நட்சத்திரங்கள் கொட்டிக் கிடக்கும். புனேயில் வளர்ந்த என் மகள் பால்வீதியை முதன்முதலில் பார்த்தது அன்றுதான். நடுக்கடலில் செல்போன் வேலை செய்யாது. தீவுகளுக்குக் கொச்சியிலிருந்து கடலடிக் கேபிள் 2024 ஜனவரியில் வந்துவிட்டது, கப்பலுக்கு இல்லை. இதை ஒரு வசதியாகவே எடுத்துக்கொள்ளலாம்.

கப்பலிலிருந்து படகுக்கு

மறுநாள் காலை கல்பேனி. பச்சையும் நீலமும் கலந்த உள்கடல், அதைச் சுற்றிப் பவளப்பாறை வேலி. வேலிக்குள் கப்பல் போகமுடியாது. ஆகவே அது வெளியே நிற்க, தீவிலிருந்து சின்னப் படகுகள் வரும். கப்பலின் பக்கவாட்டில், தண்ணீருக்குச் சற்று மேலே உள்ள கதவு வழியாக நாம் படகில் இறங்கவேண்டும். படமாகப் பார்த்தால் அழகு. நேரில் நின்றால் படகு ஒரு கணம் நம் காலடிக்கு வருகிறது, அடுத்த கணம் மூன்றடி கீழே போகிறது.

வாசலில் இரண்டு மாலுமிகள் நின்று ஒவ்வொருவராகக் கை பிடித்து இறக்கினார்கள். மகள் குதித்துவிட்டாள், மனைவியும் போய்விட்டாள். அம்மா வாசல் வரை வந்தார், கீழே பார்த்தார், பின்வாங்கினார்.

"உம்மா, பேடிக்கேண்டா" என்றார் மாலுமி.

"பயமில்லப்பா, கால்தான் கேக்க மாட்டேங்குது" என்றார் அம்மா தமிழில்.

பின்னால் வரிசை நீண்டது. எனக்கு அவமானமும் கோபமும் ஒன்றாக வந்தன, என்மேல்தான். "விடும்மா, வேண்டாம்" என்று அவரை உள்ளே கூட்டிவந்தேன். "நீ போ, குழந்தை தனியா நிக்குது" என்று என்னை அனுப்பிவைத்துவிட்டுக் கப்பலிலேயே தங்கிவிட்டார். அன்று கல்பேனியில் இளநீர் குடித்தோம், உள்கடலில் குளித்தோம், திலாக்கம் என்ற குட்டித் தீவைப் பார்த்தோம். எதிலும் மனம் ஒட்டவில்லை. ஆசைப்பட்டவரை அழைத்துவந்து இரும்பு அறையில் உட்கார்த்திவைத்துவிட்டேனே என்று இருந்தது.

மாலை திரும்பியபோது அம்மா தனியாக இல்லை. கவரத்தியைச் சேர்ந்த, அவர் வயதுள்ள ஒரு பெண்மணியோடு டெக்கில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். நேராகப் போகும் கப்பலில் இடம் கிடைக்காமல், சுற்றிப் போனாலும் பரவாயில்லை என்று இதில் ஏறியவராம். அவர் மலையாளம், இவர் தமிழ். இருவருக்கும் ஒரு குறையுமில்லை. படகில் இறங்கும் வித்தையை அந்த அம்மாள் சொல்லிக்கொடுத்திருந்தார். செருப்பைக் கழற்றிப் பையில் போடு. கையில் எதையும் வைத்துக்கொள்ளாதே. உள்ளங்கையைக் கொடுக்காதே, மணிக்கட்டுக்கு மேலே பிடிக்கவிடு. படகு மேலே வரும்போது காலை வை, குதிக்காதே. முக்கியமாக, பின்னால் திரும்பிப் பார்க்காதே. படகை மட்டும் பார்.

மினிக்காய்

அன்று இரவு ஒன்பது டிகிரி கால்வாயைக் கடந்தோம். மினிக்காய்க்கும் மற்றத் தீவுகளுக்கும் நடுவே சுமார் 200 கிலோமீட்டர் அகலத்தில் கிடக்கும் திறந்த கடல் அது. உலகின் பெரிய சரக்குக் கப்பல்கள் போகும் ராஜபாட்டை. இருட்டில் தூரத்து விளக்குகள் வரிசையாக நகர்ந்தன.

காலையில் கடல் சற்று அடங்கியிருந்தது. அம்மா கடைசி ஆளாக நின்றார். செருப்பு பையில், பை என் தோளில். இரண்டு மாலுமிகளும் அவர் கைகளை மணிக்கட்டுக்கு மேலே பிடித்தார்கள். படகு மேலே வந்தது. அம்மா காலை வைத்தார். அவ்வளவுதான். உட்கார்ந்தபின்தான் எனக்கு மூச்சு வந்தது.

மினிக்காயைப் பற்றித் தனியாகவே எழுதலாம். அங்கே பேச்சு மலையாளம் அல்ல, மஹல். மாலத்தீவு மொழியின் உறவு. 1885-இல் கட்டி முடித்த கலங்கரை விளக்கம் இன்னும் நிற்கிறது. சூரை மீனைத் தூண்டிலில் பிடித்து, வேகவைத்து, புகையிட்டுக் காயவைக்கிறார்கள். நாகப்பட்டினம், தூத்துக்குடிக்காரர்களுக்கும் இலங்கை உறவு உள்ளவர்களுக்கும் சொல்லத் தேவையில்லை, அதுதான் நம் மாசிக் கருவாடு. அம்மா மோந்து பார்த்துவிட்டு, "நம்ம ஊர் கடைத்தெரு வாசனை" என்றார்.

மாலை படகில் திரும்பும்போதுதான் அவர் அந்தக் கதையைச் சொன்னார். 1958. அவருக்கு எட்டு வயது. தாத்தா பினாங்குக்குக் கடை வேலைக்குப் புறப்பட்ட நாள். மெட்ராஸ், நாகப்பட்டினம் வழியாக மலாயாவுக்கும் சிங்கப்பூருக்கும் அப்போது ஓடியது 'ரஜூலா'. 1926-இல் ஓடத் தொடங்கி 1973 வரை நம்மவர்களை ஏற்றிச் சென்ற கப்பல். நாகையில் கப்பல் கரைக்கு வராது, தூரத்தில் நிற்கும். பயணிகள் படகில் போய் ஏறவேண்டும். பாட்டியின் கையைப் பிடித்துக்கொண்டு அம்மா கரையில் நின்றிருக்கிறார்.

"படகுல ஏறி உக்காந்தவரு, ஒரு தடவைகூட எங்க பக்கம் திரும்பிப் பாக்கல. எட்டு வருஷம் கழிச்சுத்தான் வந்தாரு. வந்தப்புறமும் நான் கேக்கல. ஆனா அந்தக் குறை மனசுலயே இருந்துச்சு. இன்னிக்குத்தான்டா தெரியுது. ஆடுற படகுல திரும்பிப் பாக்க முடியாது. படகைத்தான் பாக்கணும்."

எஞ்சின் சத்தத்தில் மனைவிக்கு இது கேட்கவில்லை. எனக்குக் கேட்டது.

நாலாம் நாள் கவரத்தி. கண்ணாடி அடிப் படகில் பவளப்பாறையையும் மீன்களையும் பார்த்தோம். மரவேலைக்குப் பேர்போன உஜ்ரா பள்ளிவாசலைப் பார்த்தோம். அம்மாவின் சிநேகிதி இறங்கி, கை அசைத்து, கூட்டத்தில் மறைந்தார். ஒரு எச்சரிக்கை: பவளத் துண்டு கரையில் கிடந்தாலும் எடுக்காதீர்கள். வனவிலங்குச் சட்டப்படி குற்றம். என் மகள் ஆசையாகப் பொறுக்கியதைத் திரும்பக் கடலில் போடவைத்தோம். மது பாட்டிலும் கொண்டுபோகக் கூடாது. குடியிருப்புள்ள தீவுகளில் மதுவிலக்கு உண்டு.

யார் போகலாம்?

நடுராத்திரிச் சாப்பாடும் நாட்டியமும் வேண்டுமென்றால் பெரிய கப்பலில் போங்கள்; அதில் தவறில்லை. சக்கர நாற்காலி தேவைப்படுபவர்கள், சமீபத்தில் இருதய சிகிச்சை செய்துகொண்டவர்கள், கர்ப்பிணிகள் ஆகியோருக்குச் சின்னக் கப்பல் ஏற்றதல்ல. கப்பலில் முதலுதவி கிடைக்கும். பெரிய சிகிச்சைக்குக் கொச்சிதான், கரை 200 முதல் 400 கிலோமீட்டர் தூரம். முழங்கால் வலி மட்டும் இருந்தால் உடனே வேண்டாம் என்று சொல்லிவிடாதீர்கள். கீழ்த்தளக் கேபினாகக் கேளுங்கள். படகில் இறங்க முடியாமல் போனால் கப்பலிலேயே தங்கவேண்டியிருக்கும் என்பதை முன்பே அவர்களிடம் சொல்லுங்கள். முடிவை அவர்களிடமே விடுங்கள். நான் அதைச் செய்யவில்லை.

இன்னொரு யோசனை. பணம் கட்டுவதற்குமுன் ஒரு நாள் மும்பை போய், கேட்வே ஆஃப் இந்தியாவிலிருந்தோ பாவுச்சா தக்காவிலிருந்தோ மாண்ட்வா வரை படகில் போய்த் திரும்புங்கள். போக ஒரு மணி நேரம். குடும்பத்தில் யாருக்குக் கடல் ஒத்துக்கொள்ளும், யாருக்கு இல்லை என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

இப்போது அம்மாவுக்கு எழுபத்தைந்து தாண்டிவிட்டது. 2023 அக்டோபரில் நாகப்பட்டினத்துக்கும் காங்கேசன்துறைக்கும் 150 பேர் ஏறும் 'செரியபாணி' என்ற கப்பல் விட்டார்கள். அது ஒரு வாரத்திலேயே நின்று, 2024 ஆகஸ்டில் 'சிவகங்கை' என்ற கப்பல் வந்தது. இந்தச் செய்தியைப் பேப்பரில் படித்துக் காட்டினேன். அம்மா கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே கேட்டார்:

"அந்தக் கப்பல் கரையோட ஒட்டி நிக்குமா, இல்ல படகுல இறங்கணுமா?"

கரையோடுதான் நிற்கும் என்றேன்.

"அப்ப சுலபம்தான். பாஸ்போர்ட்டுக்கு எழுதிப் போடு."